முகாம் கேட்டுக்கு வெளியே மூன்று ஆண்டுகள்: ஜெர்மனிக்குப் போகும் ஒரு ராணுவக் குடும்பத்துக்குப் பதில்

டெக்சாஸில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் கேட்டிருக்கிறார். கணவர் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றுகிறார். ஜெர்மனியில் உள்ள கைசர்ஸ்லாட்டர்ன் பகுதிக்கு மூன்று ஆண்டு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. வீட்டை முகாமுக்குள் எடுப்பதா வெளியே எடுப்பதா, பிள்ளைகளின் பள்ளி எப்படி இருக்கும், கணவரை வேறெங்காவது அனுப்பிவிட்டால் தனியாகச் சமாளிக்க முடியுமா, கையில் இருக்கும் கிரீன் கார்டு என்ன ஆகும், அங்கே தமிழ் பேச ஆட்கள் உண்டா, மாவு அரைக்கும் கிரைண்டரைக் கொண்டுபோகலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் 2021 கோடையிலிருந்து 2024 கோடை வரை அதே பகுதியில் வாழ்ந்தவள். என் கணவர் மாவ்னி திட்டத்தின் கீழ் படையில் சேர்ந்தவர். ராணுவத்துக்குத் தேவையான மொழிகளைப் பேசும் வெளிநாட்டவரை நேரடியாகச் சேர்த்துக்கொள்ள 2009-இல் தொடங்கி 2016-இல் நிறுத்தப்பட்ட திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அவருக்குத் தளவாடப் பிரிவில் வேலை. நாங்கள் போனபோது எங்கள் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய உங்கள் பிள்ளைகளின் வயதுதான். அதனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்த ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைத்தால் வெளியே வீடு எடுங்கள். காரணம் இருக்கிறது.

கைசர்ஸ்லாட்டர்ன் நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அந்த நகரத்தையும் ராம்ஷ்டைன் விமானத்தளத்தையும் லாண்ட்ஷ்டூல் ராணுவ மருத்துவமனையையும் சுற்றி வாழும் அமெரிக்கர்கள், குடும்பத்தோடு சேர்த்து, 50,000 பேருக்கு மேல். அமெரிக்காவுக்கு வெளியே இவ்வளவு பெரிய அமெரிக்க ராணுவச் சமூகம் வேறெங்கும் இல்லை. நகரத்தின் பெயர் வாயில் நுழையாததால் கே-டவுன் என்று அவர்களே ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். கேட்டைத் தாண்டி உள்ளே போனால் டாலரில் வாங்கும் மளிகைக் கடை, அமெரிக்க வங்கி, அமெரிக்க அஞ்சலகம், ஆங்கிலம் பேசும் பல் மருத்துவர், திரைப்படம் தொடங்கும் முன் தேசிய கீதம் ஒலிக்கும் தியேட்டர் என்று எல்லாம் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளில் ஒரு ஜெர்மன் சொல்கூடப் பேசாமல் ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கணவர் வாரக்கணக்கில் பயிற்சியில் இருக்கும்போது கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு, தெரிந்த மொழியும் தெரிந்த கடையும் பெரிய ஆறுதல். ஆனால் உங்களுக்கு அங்கே 36 மாதங்கள் இருக்கின்றன. அத்தனையையும் வேலிக்குள் கழித்தால் ஜெர்மனியில் வாழ்ந்ததாக ஆகாது.

வெளியே வீடு எடுத்தால் வாடகைப்படி தருவார்கள். விலைவாசிக்கு ஈடாக இன்னொரு படியும் உண்டு. அது டாலருக்கும் யூரோவுக்கும் உள்ள மதிப்பைப் பொறுத்து ஏறி இறங்கும். 2022 ஜூலையில் ஒரு டாலரும் ஒரு யூரோவும் சமமானபோது அந்தப் படி எங்களுக்கு வெகுவாகக் குறைந்தது. ஆகவே அதை நம்பி மாதச் செலவுகளைக் கட்டிக்கொள்ளாதீர்கள். ஜெர்மன் வாடகை வீடுகள் பலவற்றில் அலமாரி இருக்காது, விளக்கு இருக்காது, சில வீடுகளில் சமையல் மேடைகூட இருக்காது. சுவரில் குழாயும் கூரையில் கம்பியும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பதறாதீர்கள். துணி அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றை ராணுவமே இரவலாகத் தரும். வீட்டுச் சாமான்கள் கப்பலில் வந்து சேர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முன்னதாக விமானத்தில் அனுப்பும் சிறிய பங்கில் குக்கரையும் இட்லித் தட்டையும் போர்வைகளையும் வைத்துவிடுங்கள். நான் அதில் பிள்ளைகளின் பொம்மைகளை நிரப்பிவிட்டு, ஆறு வாரம் ஒரே ஒரு வாணலியில் சமைத்தேன்.

கிரைண்டர் விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் ஜெர்மன் வாழ்க்கை அதிலிருந்துதான் தொடங்கியது. இந்தியாவில் வாங்கிய கிரைண்டரும் மிக்ஸியும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை. ஜெர்மனியிலும் அதே மின்சாரம்தான். டெக்சாஸில் செங்கல்போல் கனக்கும் டிரான்ஸ்ஃபார்மரோடு ஓட்டிய கிரைண்டரை இங்கே பிளக்கை மட்டும் மாற்றி நேராகச் சொருகலாம். அமெரிக்காவில் வாங்கிய பொருட்களுக்குத்தான் இங்கே டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதுவும் வோல்ட்டை மட்டுமே மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத் துடிப்பை எண்ணி ஓடும் பழைய வகைக் கடிகாரம் இருந்தால் அது ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். நாங்கள் கொண்டுவந்த அடுப்பங்கரைக் கடிகாரம் அப்படிப் பின்தங்கி, முதல் வாரமே மகளைப் பள்ளி பஸ்ஸைத் தவறவிட வைத்தது.

எங்கள் வீடு லாண்ட்ஷ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தது. நாங்கள் மாடியில், வீட்டுக்கார அம்மா கீழே. எழுபதைத் தாண்டியவர், தனியாக வாழ்பவர். சாமான்கள் வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, ஊறவைத்திருந்த அரிசியையும் உளுந்தையும் போட்டு கிரைண்டரை ஓடவிட்டேன். கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அவர் கோபப்படவில்லை. தரையைச் சுட்டினார், காதைச் சுட்டினார், பிறகு மிக நிதானமாக "ஸோன்டாக்" என்றார். ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிறு என்பது அமைதிக்கான நாள். கடைகள் மூடியிருக்கும், புல் வெட்டக் கூடாது, சுவரில் துளை போடக் கூடாது, கண்ணாடிப் புட்டிகளைத் தெருத் தொட்டியில் போடக் கூடாது. மற்ற நாட்களிலும் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை சத்தம் ஆகாது. பல ஊர்களில் நண்பகலுக்குப் பிறகும் ஓய்வு நேரம் உண்டு. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. வெட்கத்தோடு ஸ்விட்சை அணைத்தேன்.

அவர் போகவில்லை. எட்டிப் பார்த்தார். மூன்று கல் உருளைகளும் மாவு வழிய நின்றுகொண்டிருந்தன. ஒரு விரலால் கல்லைத் தொட்டார், மாவை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். ஏதோ கேட்டார், புரியவில்லை. மறுநாள் நான்கு இட்லியைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு கீழே போனேன். அதன் பிறகு சனிக்கிழமை காலை பதினோரு மணி என் கிரைண்டருக்கான நேரம் ஆனது. சில சனிக்கிழமைகளில் சத்தம் கேட்காவிட்டால் அவரே மேலே வந்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்பார்.

இட்லியால் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஜெர்மன் வீடுகள் காற்றுப் புகாமல் கட்டப்பட்டவை. ஆவி வெளியேறாமல் சுவரில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் குளிர்காலத்திலும் தினமும் இரண்டு மூன்று முறை எல்லா ஜன்னல்களையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூட வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலேயே இதை எழுதியிருப்பார்கள். காலி செய்யும்போது பூஞ்சை இருந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளவும் கூடும். தினம் சோறு வடித்து இட்லி அவிக்கும் நம் வீட்டில் ஆவி அதிகம். என் சமையலறை மூலையில் டிசம்பரில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றியபோது வீட்டுக்கார அம்மாதான் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயைத் திருகுவதற்கும் ஜன்னலைத் திறப்பதற்கும் உள்ள வரிசையைச் செய்து காட்டினார்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி ஒன்று. அமெரிக்காவில் புதிதாகக் குடிவருபவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் கேக்கோடு வருவார்கள். ஜெர்மனியில் புதிதாக வந்தவர்தான் போய்க் கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். இது தெரியாமல் இரண்டு மாதம் யாராவது வருவார்கள் என்று காத்திருந்து, ஜெர்மானியர் ஒட்டாதவர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறைய. ஜெர்மன் மொழியில் எதிரில் இருப்பவரை அழைக்க இரண்டு சொற்கள் இருக்கின்றன: நெருக்கத்துக்கு 'டு', மரியாதைக்கு 'ஸீ'. ஆங்கிலம் மட்டும் தெரிந்த அமெரிக்கக் குடும்பங்கள் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு ஒரே வரியில் விளங்கிவிட்டது: "நீ, நீங்கள் மாதிரிதானே அம்மா?" வீட்டுக்கார அம்மா எங்களை 'ஸீ' என்று அழைப்பதை விட்டு 'டு'வுக்கு மாற ஒன்றரை ஆண்டு ஆனது. அதை அவர் ஒரு சடங்கு போலவே செய்தார். மேசைக்கு அழைத்து, தன் முதல் பெயரைச் சொல்லி, கை கொடுத்தார்.

குப்பைக்கு ஒரு நாட்காட்டி தருவார்கள். காகிதத்துக்கு, பிளாஸ்டிக்குக்கு, காய்கறிக் கழிவுக்கு, மிச்சத்துக்கு என்று தனித்தனி நாட்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குளிர்பானப் புட்டி ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்குவார்கள், காலிப் புட்டியைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இது கைச்செலவுக்கு நல்ல வருமானம். வண்டி ஓட்டுவதற்கு ராணுவமே தேர்வு வைத்து உரிமம் தரும். அதில் ஒரு விதியை மட்டும் உயிராக நினைத்துப் படியுங்கள்: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முதல் வழி, அவர் எவ்வளவு சிறிய சந்திலிருந்து வந்தாலும். டெக்சாஸ் நெடுஞ்சாலைப் பழக்கத்தோடு இந்த ஊர்ச் சந்துகளில் ஓட்டினால் விபத்து நிச்சயம்.

முகாம் கடையில் காப்பிக்கும் சிகரெட்டுக்கும் ரேஷன் அட்டை இருப்பதைப் பார்த்து வியப்பீர்கள். வறுத்த காப்பிக்கு ஜெர்மனி கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரி போடுகிறது. நேட்டோ நாடுகள் 1951-இல் கையெழுத்திட்ட படைநிலை ஒப்பந்தத்தின்படி நமக்கு அந்த வரி கிடையாது. அதனால்தான் அளவு வைத்துத் தருகிறார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அங்கே எல்லோரும் 'சோஃபா' என்றே சொல்வார்கள். "உங்களிடம் சோஃபா இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால் அடையாள ஆவணத்தைக் கேட்கிறார்கள் என்று பொருள். வரியில்லாமல் வாங்கிய பொருளை ஜெர்மன் அண்டைவீட்டாருக்கு விற்பது சுங்கக் குற்றம். நல்லெண்ணத்தில் செய்து மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. காப்பியைப் போட்டு, அவரை வீட்டுக்கு அழைத்துக் கொடுங்கள்.

நாங்கள் போய் இறங்கிய சில வாரங்களில், 2021 ஆகஸ்ட் 20-ஆம் தேதி முதல், காபூலிலிருந்து மீட்கப்பட்டவர்களை ஏற்றிய விமானங்கள் ராம்ஷ்டைனில் இறங்கத் தொடங்கின. சில வாரங்களுக்குள் 30,000-க்கும் மேற்பட்ட ஆப்கானியர்கள் அந்தத் தளத்தின் வழியாகப் போனார்கள். விமானங்கள் நிற்கும் பரப்பெங்கும் கூடாரங்கள். துணிமணி வேண்டும், பால்புட்டி வேண்டும், தள்ளுவண்டி வேண்டும் என்று குடும்பங்களுக்குச் செய்தி வந்தது. எங்கள் சாமான்கள் இன்னும் கடலில்தான் இருந்தன, கையில் நான்கு பெட்டித் துணிதான். மகள் தன் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள். நான் மூன்று நாள் ஒரு கூடத்தில் நின்று குழந்தைத் துணிகளை வயதுவாரியாகப் பிரித்தேன். என் பக்கத்தில் நின்று பிரித்தவர்களில் பாதிப் பேர் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த ஜெர்மன் பெண்கள். ராணுவக் குடும்பம் என்றால் என்ன என்று எனக்கு அந்தக் கூடத்தில்தான் முதன்முதலாகப் புரிந்தது. செய்தியில் பார்ப்பது மறுநாள் நம் வாசலில் வந்து நிற்கும்.

பள்ளிக்கு வருகிறேன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உலகெங்கும் சுமார் 160 பள்ளிகளை நடத்துகிறது, கைசர்ஸ்லாட்டர்ன் பகுதியில் மட்டும் பல இருக்கின்றன. பாடம் அமெரிக்கப் பாடம். கூடவே ஜெர்மன் மொழியையும் பழக்கவழக்கத்தையும் சொல்லித்தர ஓர் ஆசிரியர் இருப்பார். உங்கள் மகளை அங்கே சேருங்கள். எட்டு வயதில் மொழியையும் பள்ளி முறையையும் ஒருசேர மாற்றுவது அவளுக்குச் சுமை, மூன்று ஆண்டில் திரும்பவும் மாற வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் வகுப்பில் பல பிள்ளைகள் மாற்றலாகிப் போவார்கள். அவளுடைய உயிர்த்தோழியும் போவாள், அதற்கு இப்போதே உங்கள் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மகனை, இடம் கிடைத்தால், ஊர் கிண்டர்கார்டனில் விடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் பேசிவிடுவான். அவன் வழியாக உங்களுக்கும் அந்த ஊர் திறக்கும்.

எங்களுக்கு அது நவம்பர் 11-ஆம் தேதி மாலை திறந்தது. புனித மார்ட்டின் திருநாள் அன்று. பிள்ளைகள் தாங்களே ஒட்டிச் செய்த காகித விளக்குகளைக் கோலில் தொங்கவிட்டு, இருட்டில் பாடிக்கொண்டே ஊர்வலம் போனார்கள். முன்னால் சிவப்பு மேலங்கி போர்த்திய ஒருவர் குதிரையில். மார்ட்டின் ரோமானியப் படைவீரராக இருந்தவர். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் அங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் என்பது கதை. கதையை ஆசிரியை சைகையோடு சொன்னபோது, அவர் ராணுவக்காரர் என்று புரிந்துகொண்ட என் மகன் அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டினான். மகள் மட்டும், "என் ஸ்வெட்டர் யாரிடம் போயிருக்கும்?" என்று கேட்டாள்.

மகனைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகாமுக்குள் மாலை ஐந்து மணிக்குக் கொடி இறக்கும் எக்காளம் ஒலிக்கும். அந்த நேரத்தில் யார் எங்கிருந்தாலும் நிற்க வேண்டும். கார்கள் ஓரங்கட்டி நிற்கும், சீருடையில் இருப்பவர் சல்யூட் வைப்பார், மற்றவர்கள் கொடியிருக்கும் திசையில் திரும்பி நெஞ்சில் கை வைப்பார்கள். பிள்ளைகள் இதை மூச்சுவிடுவது போலப் பழகிவிடுகிறார்கள். ஒரு மாலை எங்கள் ஊர்த் தெருவில் மகன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறு மணிக்குத் தேவாலய மணி அடித்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கோபுரத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, மணி ஓயும்வரை நின்றான். எதிரே புதர் வெட்டிக்கொண்டிருந்த முதியவர் கத்தரியைக் கீழே வைத்தார். மணி முடிந்ததும் இருவரும் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன், இருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

2022 பிப்ரவரி 24-ஆம் தேதி உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. என் கணவரின் பிரிவுக்கு அதற்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது. மூன்று நாள் அவகாசம். போலந்துக்குப் போனவர் திரும்பி வர எட்டு மாதம் ஆனது. போலந்தும் ஜெர்மனியும் ஒரே நேர மண்டலம், காரில் ஒரு நாள் தூரம், ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வர முடியாது. இரவு எட்டு மணிக்கு அங்கேயும் எட்டு மணி என்பது பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது ஓர் ஆறுதலாகவும் ஒரு வலியாகவும் இருந்தது.

உங்கள் கணவர் எங்கும் அனுப்பப்படாமலும் போகலாம். ஆனாலும் போய்ச் சேர்ந்த முதல் மாதமே அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்திட, சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாக எழுதித்தரும் அதிகாரப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டிப் பதிவு, வீட்டு ஒப்பந்தம், சம்பளக் கணக்கு எல்லாம் அவர் பெயரில் இருக்கும். அவர் இல்லாதபோது அந்தத் தாள் இல்லையென்றால் ஒரு கையெழுத்துக்காக வாரக்கணக்கில் அலைய நேரும். பத்திரத்துக்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் பாருங்கள். எனக்கு ஆறாவது மாதத்தில் காலாவதியானது. வண்டிப் பதிவும் அதே வாரம் முடிந்தது. பத்து நாள் வண்டியில்லாமல் மளிகைப் பையைச் சுமந்து நடந்தேன்.

அந்த எட்டு மாதத்தில்தான் நான் ஜெர்மனியில் வாழ ஆரம்பித்தேன் என்று சொல்வேன். அதற்கு முன் கடிதம் வந்தால் கணவர் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படிப்பார், கதவு தட்டினால் அவர் போவார். இப்போது நான் போனேன். கீழ்த்தளத்து அறையில் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டியின் அளவுக்கோட்டை எப்படிப் பார்ப்பது, விலை எப்போது குறையும், அண்டை வீடுகளோடு சேர்ந்து ஒரே லாரியில் வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்று வீட்டுக்கார அம்மா சொல்லிக்கொடுத்தார். தப்பும் தவறுமாக நான் பேசிய ஜெர்மனைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டார். ஒருநாள் தாழப் பறந்த விமானத்தின் ஓசையில் பேச்சை நிறுத்தி, 1988 ஆகஸ்ட் 28-ஆம் தேதியைப் பற்றிச் சொன்னார். ராம்ஷ்டைன் விமானக் காட்சியில் விமானங்கள் மோதி, அவற்றில் ஒன்று கூட்டத்தின் மேல் விழுந்து, 70 பேர் இறந்த நாள் அது. தன் வீட்டு முற்றத்திலிருந்து புகையைப் பார்த்தாராம். அந்தப் பகுதியில் முப்பது நாற்பது ஆண்டுகளாக வாழும் எவருக்கும் அந்தத் தளம் வேலை தந்த இடமும் ஆகும், அந்த நாளும் ஆகும். முகாமுக்குள் மட்டும் வாழ்பவருக்கு இது காதில் விழாமலே போய்விடும்.

மார்ச் மாதக் கடைசியில் மகனின் கிண்டர்கார்டனில் உக்ரைனிலிருந்து வந்த ஒரு சிறுவன் சேர்ந்தான். 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டை விட்டு வெளியேற அப்போது தடை இருந்ததால் அவனுடைய அப்பா வரவில்லை. பிள்ளைகளின் மேலங்கிகளை மாட்டும் நடைவழியில், சிறிய மர பெஞ்சில், நானும் அந்தத் தாயும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து காலணி கட்டிவிடுவோம். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு உக்ரைன் மொழி வராது. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன் மட்டுமே. "மான் வெக்" என்று நான் சொன்னேன், கணவர் இல்லை என்று. அவர் தன்னைக் காட்டி "அவுக்" என்றார், எனக்கும் என்று. இலக்கணம் தெரிந்திருந்தால் அதற்கு மேல் என்ன பேசியிருப்போம் என்று தெரியவில்லை. என் கணவர் உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் அப்படி இல்லை. அந்த வேறுபாடு எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தமிழ் பேச ஆட்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 1980-களிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஈழத் தமிழர்கள் நாடு முழுவதும் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெரிய நகரங்களில் அவர்களுடைய கடைகள் இருக்கின்றன, வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. ஹாம் நகரத்தில் அவர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரத்தோடு, தேரோடு, ஐரோப்பாவிலேயே பெரிய கோயில்களில் ஒன்று. எங்கள் ஊரிலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். கணவர் இல்லாத அந்தக் கோடையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தனியாக ஓட்டிப் போனேன்.

அன்னதானப் பந்தியில் என் பக்கத்தில் ஒரு மூதாட்டி. எங்கேயிருந்து வருகிறோம் என்று கேட்டார், பிள்ளைகளின் தட்டில் தானே பாயசத்தை ஊற்றினார். "தகப்பன் வரவில்லையோ?" என்றார். "அவர் ஆமியில் இருக்கிறார், அம்மா" என்றேன். கரண்டி பாதியில் நின்றது. அவர் முகம் மாறவில்லை, கைதான் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "எந்த ஆமி, பிள்ளை?"

அந்த ஒரு சொல் அவர் ஊரில் என்னவாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாம் இயல்பாகச் சொல்லும் 'ஆமி' என்ற சொல்லைக் கேட்டுத்தான் அவர்கள் இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். அமெரிக்க ராணுவம் என்று சொன்னேன். தலையசைத்தார். கரண்டி மறுபடி நகர்ந்தது. எழும்போது மகனின் தலையில் கைவைத்து, "தகப்பன் நல்லபடியாக வந்து சேரட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வாழ்த்து வருவதற்கு எவ்வளவு தூரம் கடக்க வேண்டியிருந்தது என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அங்கே போனால் கணவர் வேலையைப் பற்றி நீங்களாக முதலில் பேச வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

கிரீன் கார்டைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். 2008-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, ராணுவ உத்தரவின்பேரில் கணவருடன் வெளிநாட்டில் வாழும் மனைவியின் நாட்கள், குடியுரிமைக் கணக்கில் அமெரிக்காவில் வாழ்ந்த நாட்களாகவே எடுத்துக்கொள்ளப்படும். நேர்காணலையும் உறுதிமொழியையும் வெளிநாட்டிலேயே முடிக்கவும் சட்டத்தில் வழி உண்டு. இதற்கு உங்கள் பெயர் உத்தரவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தாளில் உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் எழுத்துப் பிழையில்லாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். நம் பெயர்களில் தந்தை பெயர் எது, குடும்பப் பெயர் எது என்ற குழப்பம் எப்போதும் வரும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அண்டை நாடுகளுக்குச் சுற்றுலா போகும் முன் முகாம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்கு நிச்சயம் விசா வேண்டும்.

டெக்சாஸ் வேலையை இணையம் வழியாகத் தொடரலாம் என்று நினைத்திருந்தால், சட்ட உதவி அலுவலகத்தில் கேட்காமல் தொடங்காதீர்கள். ஜெர்மன் வரிச் சிக்கல் வரக்கூடும். நான் அதனால் வேலையை விட்டேன். அது எளிதாக இல்லை. பத்து ஆண்டுகள் கணக்கெழுதிச் சம்பாதித்தவள், படிவங்களில் 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடும்போது உள்ளே ஏதோ சுருங்கியது. பிறகு முகாம் பள்ளியில் மாற்று ஆசிரியராகச் சில நாட்கள் போனேன். சம்பளம் குறைவு, ஆனால் காலையில் புடவையோ சட்டையோ தேய்த்து உடுத்திக்கொண்டு ஓர் இடத்துக்குப் போவது எனக்குத் தேவையாக இருந்தது. இதைப் பற்றி உங்கள் கணவரோடு புறப்படும் முன்பே பேசிவிடுங்கள்.

கிளம்பும்போது வீட்டைச் சுவர் சுவராகப் பார்ப்பார்கள். வீட்டுக்கார அம்மா கையில் காகிதத்தோடு அறை அறையாக வந்தார். சமையலறை மூலையில் குனிந்து விரலால் தடவினார், ஒன்றுமில்லை. கிரைண்டரைக் கட்டிய பெட்டி வாசலில் இருந்தது. அதன் மேல் என் மகள் ஜெர்மனில் 'கல், மெதுவாக' என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. அவர் தன் பேனாவை எடுத்து அதைத் திருத்தினார்.

ஆக, கிரைண்டரைக் கொண்டுபோங்கள். கல்லைத் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள், இரண்டு முள் வட்ட பிளக் ஒன்றை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அரைத்துவிடுங்கள்.